அக்குபங்சருக்கும் மசாஜுக்கும் அம்மாவைக் கூட்டிப்போகும் முன்

கேள்வி இது: அம்மாவுக்கு 54 வயது, ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறார். கழுத்தும் வலது தோளும் பல வருடமாக வலி, இப்போது இடுப்பும் பிடிக்கிறது. சீனி வியாதிக்கும் பிரஷருக்கும் குளிசை, கூடவே தினம் ஒரு சின்ன அஸ்பிரின். கண்டியில் மெல்லிய ஊசி குத்தும் சீன வைத்தியமான அக்குபங்சர், மசாஜ் எல்லாம் ஒரே இடத்தில் செய்யும் சிகிச்சை நிலையம் ஒன்றுக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே என்ன செய்வார்கள், வலிக்குமா, ஆபத்து உண்டா, எத்தனை முறை போகவேண்டும்?

போகலாம். ஆனால் அதற்கு முன், இது ஊசிக்கும் எண்ணெய்க்கும் அடங்கக்கூடிய வலிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது, கவட்டுப் பகுதி மரத்துப்போவது, ஒரு கால் பலமிழந்து பாதம் இழுபடுவது, காய்ச்சலோடு முதுகு வலிப்பது, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, மலையில் வழுக்கி விழுந்த பிறகு தொடங்கிய வலி: இவற்றில் எது இருந்தாலும் முதலில் போகவேண்டியது டிக்கோயா, நுவரெலியா அல்லது கண்டி அரச ஆஸ்பத்திரிக்கு. சிறுநீர் கட்டுப்படாமல் போனால் அன்றைக்கே போகவேண்டும். நரம்பு நசுங்கியிருந்தால் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் இன்னும் இரண்டைப் பார்க்கவேண்டும். சீனியும் பிரஷரும் உள்ளவர் என்பதால், மேடு ஏறும்போது மட்டும் தோளோ தாடையோ நெஞ்சோ வலித்து, நின்று மூச்சு வாங்கினால் குறைகிறதா என்று கேளுங்கள். அப்படியானால் அது இதயத்தின் வலியாக இருக்கலாம். ஈசிஜி எடுக்காமல் எந்த மசாஜுக்கும் போகக்கூடாது. அடுத்தது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வலது கை இடது கையின் பாதி அளவுகூடத் திரும்பவில்லை, முதுகுப் பக்கம் கொக்கி போட முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்கவே முடியவில்லை என்றால், அது தோள் மூட்டு இறுகிப்போகும் நோயாக இருக்கலாம். சீனி வியாதிக்காரருக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். இளக ஒரு வருடம், சிலருக்கு இரண்டு மூன்று வருடம்கூட எடுக்கும். அந்தத் தோளைப் பலவந்தமாக இழுத்து 'எடுத்துவிட' முயல்பவர்களிடம் கொடுத்தால் வலி கூடும்.

இந்தச் சிகிச்சைகளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? நாள்பட்ட இடுப்பு வலிக்கு அக்குபங்சரையும் மசாஜையும் மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. இங்கிலாந்தின் அரச வழிகாட்டிக் குழுவோ 2016இல் இடுப்பு வலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2021இல், வேறு நோயொன்றால் விளங்கப்படுத்த முடியாத நாள்பட்ட வலிக்கு, மொத்தம் 5 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் ஒரு சுற்றுக் கொடுத்துப் பார்க்கலாம் என்றது. இந்த இழுபறிக்குக் காரணம் இருக்கிறது. சரியான புள்ளியில் குத்திய ஊசிக்கும் வேண்டுமென்றே பாவனையாகக் குத்திய ஊசிக்கும் ஆய்வுகளில் தெரிந்த வித்தியாசம் சிறியது. சிகிச்சையே எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் பலன் பெரியதாகத் தெரிகிறது. ஆகவே வலி ஓரளவு இறங்கும், தூக்கம் நன்றாகும், கழுத்துத் திரும்பும், அந்த இடைவெளியில் அப்பியாசம் செய்ய முடியும் என்ற அளவில் எதிர்பார்த்துப் போங்கள். தேய்ந்த மூட்டு வளரும், விலகிய சவ்வு உள்ளே போகும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் நாள் குறைந்தது அரை மணித்தியாலம் பேச்சிலேயே போகவேண்டும். எங்கே வலி, எப்போது கூடும், என்ன வேலை, என்னென்ன குளிசை, பழைய ஒப்பரேஷன், மாதவிடாய் நின்றுவிட்டதா, எங்காவது எலும்பு முறிந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். நாக்கைப் பார்ப்பார்கள், இரண்டு கையிலும் நாடி பிடிப்பார்கள்; அது சீன முறையின் ஒரு பகுதி. பிரஷரும் பார்க்கவேண்டும். எதுவும் கேட்காமல் நேராகக் கட்டிலில் படுக்கச் சொல்லும் இடமானால் அங்கிருந்து திரும்பிவிடுவது நல்லது. ஊசி ஏறுவதற்கு முன் நடக்கும் இந்தப் பேச்சில்தான் அந்த இடத்தின் தரம் தெரியும். வைத்தியர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்தால், மொழி தெரிந்த ஒருவர் அறைக்குள்ளேயே கூட இருக்கட்டும். கிளினிக் கொப்பியையும் குளிசை மட்டைகளையும் அப்படியே கொண்டுபோங்கள். வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை என்று சொல்வதில் பயனில்லை.

அஸ்பிரின் ஊசிக்குத் தடையில்லை. குத்திய இடத்தில் சற்றுக் கூடக் கன்றும், அவ்வளவுதான். ஊசிக்காக அதை நீங்களாக நிறுத்தக்கூடாது. வாஃபரின் போன்ற, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் பலமான மருந்து எடுப்பவர்களானால், முந்திய இரத்தப் பரிசோதனை முடிவோடு போய் வைத்தியரின் சம்மதம் கேட்கவேண்டும்.

இனி ஊசி. அக்குபங்சர் ஊசி 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர் வரை தடிப்பு, மூன்று நான்கு தலைமயிரைச் சேர்த்த அளவு. மருந்தேற்றும் ஊசியைப் போல உள்ளே துவாரம் இருக்காது. நீளம் இடத்தைப் பொறுத்தது. கைக்கு 25 மில்லிமீற்றர் போதும், பிட்டத்துத் தசைக்கு 50, 75கூட எடுப்பார்கள், முழுவதும் உள்ளே போகவேண்டுமென்றில்லை. ஒருமுறை மட்டும் பாவிக்கும், கிருமி நீக்கிய ஊசி, மூடிய பொதியில் வரும். அந்தப் பொதியை உங்கள் கண்முன்னே கிழிக்கவேண்டும். பாவித்தது கெட்டியான கூர்ப்பொருள் பெட்டிக்குள் போகவேண்டும். போத்தலில் ஸ்பிரிட்டில் ஊறிக்கிடக்கும் ஊசியை எடுத்தால் எழுந்துவிடுங்கள். ஸ்பிரிட்டில் ஊறவைப்பது ஹெபடைடிஸ் பி, சி போன்ற இரத்தத்தால் பரவும் கிருமிகளுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை.

கழுத்து, தோள், இடுப்பு வலிக்கு வழமையாக எட்டிலிருந்து பதினைந்து ஊசி வரை போடுவார்கள். வலிக்கும் இடத்தில் மட்டும் குத்த மாட்டார்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தசையில், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், முழங்காலுக்குப் பின்குழியில் எல்லாம் குத்துவார்கள். தோல் தாண்டும்போது ஒரு சிறு கடி. பிறகு உள்ளே கனமாக, மந்தமாக, சில நேரம் சுரீரென்று பரவுவதுபோல இருக்கும். அந்தக் கனம் எதிர்பார்த்ததுதான். கூர்மையாக எரிந்தாலோ மின்சாரம் போல விரல் நுனிவரை ஓடினாலோ உடனே சொல்லவேண்டும், ஊசியைச் சற்று வெளியே எடுப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது நம் பெண்களின் பழக்கம்; இங்கே அது கூடாது என்று அம்மாவுக்கு முன்பே சொல்லிவையுங்கள். 20 முதல் 30 நிமிடம் ஊசியோடு படுத்திருக்கவேண்டும், உடம்பை அசைத்தால் தசை ஊசியைப் பிடித்துக்கொள்ளும். கூப்பிட ஒரு மணியோ, சத்தம் கேட்கும் தூரத்தில் ஆளோ இருக்கவேண்டும். எடுக்கும்போது எண்ணி எடுப்பார்கள். எண்ணாவிட்டால் நீங்கள் எண்ணுங்கள்: தலைமயிருக்குள்ளும் துணி மடிப்புக்குள்ளும் ஊசி மறந்துபோவது உண்மையிலேயே நடக்கிற தவறு.

சில இடங்களில் ஊசியில் சின்னக் கிளிப் மாட்டி, பற்றரிக் கருவியால் மெல்லிய மின்துடிப்புக் கொடுப்பார்கள். தசை தட்டுவதுபோல இருக்கும், வலிக்கக்கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டாம்.

அம்மாவுக்கு உண்மையான ஆபத்து சூட்டில்தான் இருக்கிறது. மூலிகைத் திரியைக் கொளுத்தித் தோலுக்கு அருகில் பிடிப்பதும், சிவப்பு விளக்கு வைப்பதும், சுடுதண்ணீர்ப் பையும் ஒரே வகை. சீனி வியாதி பல வருடமானால் பாதத்தில் உணர்ச்சி குறையும். சுடுவது தெரியாமலே கொப்புளம் போட்டு, அது ஆறாத புண்ணாகிவிடும். பாதத்துக்கும் கணுக்காலுக்கும் எந்தச் சூடும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். அட்டைக்கடி கிளறிப் புண்ணான இடத்திலும் சேற்றுப்புண்ணிலும் ஊசியோ எண்ணெயோ படக்கூடாது.

மயக்கம் பற்றியும் சொல்லவேண்டும். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் வளைவுப் பாதையில் வாந்தி வருமென்று பலர் வெறும் வயிற்றோடுதான் பஸ் ஏறுகிறார்கள். காலைக் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், மூன்று மணித்தியாலம் பயணம் செய்து ஊசிக்குப் படுத்தால் சீனி இறங்கி வியர்த்து மயங்குவதற்கு நல்ல வாய்ப்பு. கண்டியில் இறங்கியதும் ரொட்டியோ இடியப்பமோ சாப்பிட்டு, முக்கால் மணித்தியாலம் கழித்துச் சிகிச்சைக்குப் போகும்படி நேரம் எடுங்கள். முதல் முறை உட்கார வைத்துக் குத்த விடாதீர்கள், படுத்தே செய்யட்டும். முகம் வெளிறி, குமட்டி, வியர்த்தால் ஊசிகளை எல்லாம் எடுத்துவிட்டு, காலைச் சற்று உயர்த்திப் படுக்க வைப்பார்கள். தெளிந்து எழுந்த பிறகு சீனி போட்ட பிளேன்ரீ கொடுக்கலாம். நினைவில்லாதபோது வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

பெரிய ஆபத்து மிக அரிது, ஆனால் தெரிந்திருக்கவேண்டும். தோள்மேட்டிலும் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலும் தோலுக்குக் கீழே கொஞ்ச ஆழத்திலேயே நுரையீரல் இருக்கிறது. மெலிந்த உடம்பானால் அந்த ஆழம் இன்னும் குறைவு. அங்கே நேராக ஆழமாகக் குத்தினால் நுரையீரலின் உறை துளைபட்டுக் காற்றுக் கசியும். சாய்வாக, மேலோட்டமாகக் குத்தவேண்டிய இடம் அது. சிகிச்சை முடிந்து பஸ்ஸில் வரும்போதோ அன்றிரவோ கூட ஒரு பக்க நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வறட்டு இருமல் தொடங்கலாம். அப்போது நாளை பார்க்கலாம் என்று இருக்காமல் 1990க்கு அழையுங்கள், 'சுவசெரிய' அம்பியுலன்ஸ் இலவசம். தோளில் ஊசி குத்திய விஷயத்தை ஆஸ்பத்திரியில் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் உடனே எக்ஸ்ரே எடுப்பார்கள்.

மசாஜில் எண்ணெய் போடும் முறையும் உண்டு, எண்ணெயில்லாமல் அழுத்தும் முறையும் உண்டு. ஆயுர்வேத முறையானால் நல்லெண்ணெயில் காய்ச்சிய தைலத்தை இளஞ்சூடாக்கித் தேய்ப்பார்கள், முழு உடம்புக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை பிடிக்கும். சூட்டைத் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும். வேண்டிய பகுதி மட்டும் திறந்து, மற்றதெல்லாம் துணியால் மூடியிருக்கவேண்டும். பெண்ணுக்குப் பெண்ணே செய்யவேண்டும் என்று நேரம் எடுக்கும்போதே கேளுங்கள். நீங்களும் அறையில் இருக்கலாமா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் மறுப்பு வந்தால் வேறு இடம் பாருங்கள். உள்ளாடை கழற்றத் தேவையில்லை. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையும், முழங்காலுக்கு மேல் சுருட்டக்கூடிய தளர்ந்த கால்சட்டையும் சேலையைவிட வசதி.

அழுத்தம் கூடினால் பலனும் கூடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். வலிக்க வலிக்கப் பிசைந்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். 'சுகமான வலி' என்று சொல்லத்தக்க அளவு போதும்; மூச்சை அடக்க வேண்டியிருந்தால் அது கூடிவிட்டது. ஒரு இடத்தில் அரை நிமிடம், ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து விட்டால் முடிச்சு இளகும், குத்திக் கிண்டத் தேவையில்லை. கழுத்தைச் சடாரென்று திருப்பி நெட்டி எடுக்க விடவே கூடாது: மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளம் கழுத்தெலும்புகளின் ஊடாகப் போகிறது, அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். முதுகில் ஏறி மிதிப்பதும் வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு சத்திழந்திருக்கும், விலாவும் முதுகெலும்பும் சத்தமில்லாமல் நொறுங்கும்.

ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அந்தக் காலைத் தேய்க்கக்கூடாது. இரத்தக்கட்டி நாளத்தில் இருந்தால் தேய்ப்பதில் கழன்று நுரையீரலுக்குப் போய்விடும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்குக் காலில் இரத்த நாளம் புடைத்திருப்பது சாதாரணம். அந்தப் புடைப்பின் மேலும் அழுத்தம் வேண்டாம். நீராவிப் பெட்டிக்குள் இருத்துவதாகச் சொன்னால், பிரஷர் குளிசை எடுப்பவருக்கு எழும்போது தலை சுற்றும் என்பதால் முதல் இரண்டு முறையாவது தவிர்த்துவிடுங்கள்.

குவளை வைத்து உறிஞ்சுவதும் பல இடங்களில் சேர்ந்தே வரும். வட்ட வட்டமாகக் கருஞ்சிவப்புத் தழும்பு விழும், மூன்று நாளிலிருந்து பத்து நாள் வரை இருக்கும். அது தோலுக்கடியில் சிறு நாளங்கள் உடைந்த கன்றல்; கெட்ட இரத்தமும் இல்லை, நஞ்சும் இல்லை. தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் வகை சீனி உள்ளவருக்கு வேண்டவே வேண்டாம்.

அன்றிரவும் அடுத்த நாளும் உடம்பு உளையும், அசதியாக இருக்கும். 48 மணித்தியாலத்துக்குள் அடங்கிவிட்டால் வழமையானது. அதற்கு மேலும் வலி கூடிக்கொண்டே போனால், அடுத்த முறைக்கு முன் வைத்தியரிடம் சொல்லி ஊசியையும் அழுத்தத்தையும் குறைக்கவேண்டும். கன்றல் வீங்கிச் சூடானாலோ சீழ் பிடித்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிகிச்சை முடிந்த கையோடு ஒரே இருக்கையில் மூன்று மணித்தியாலம் குலுங்கி வந்தால் இடுப்பு திரும்பவும் பிடிக்கும். கண்டியில் அரை மணித்தியாலம் மெதுவாக நடந்துவிட்டு, முதுகுக்கு மடித்த துவாயொன்றை வைத்து உட்காரட்டும். ஹட்டனில் இறங்கும்போது பனியும் குளிருமாக இருக்கும். எண்ணெய் ஈரத்தோடு நடுங்கினால் இளகிய தசை மறுபடி இறுகும், கம்பளிச் சட்டையும் கழுத்துக்குச் சால்வையும் வேண்டும். அடுத்த நாள் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போகாமல் இருக்க, சனிக்கிழமை போய் ஞாயிறு ஓய்வெடுப்பதுபோல ஒழுங்குசெய்தால் நல்லது.

எத்தனை முறை? வாரம் ஒருமுறை வீதம் ஐந்து ஆறு முறை போய்ப் பார்த்து முடிவெடுங்கள். பத்து, இருபது முறைக்கு முற்பணம் கட்டாதீர்கள். அன்றைக்குச் சுகமாக இருந்ததா என்பதை வைத்து அளக்க முடியாது. யார் தேய்த்துவிட்டாலும் அன்றைக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஒரு கொப்பியில் மூன்று விஷயம் எழுதுங்கள்: இரவில் எத்தனை முறை வலியால் எழும்பினார், கொழுந்து மலையில் எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு. ஆறாவது முறைக்குள் அந்த வலி எண் குறைந்தது இரண்டு இறங்காவிட்டால், பஸ் காசையும் சிகிச்சைக் காசையும் மிச்சப்படுத்தி அரச ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பகுதிக்குப் போவதே நல்லது. அங்கே கட்டணம் இல்லை, தோளுக்கும் இடுப்புக்கும் அப்பியாசம் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்கள் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவுசெய்திருக்கவேண்டும்; ஆங்கில வைத்தியர்களுக்கு இலங்கை மருத்துவ சபை. பதிவிலக்கம் கேட்பது மரியாதைக் குறைவில்லை. சுவரில் தொங்கும் வெளிநாட்டுச் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் அந்த இலக்கத்துக்கு ஈடாகாது. உல்லாசப் பயணிகளுக்கான ஸ்பாவில் செய்வதும் மசாஜ்தான், ஆனால் உடம்பு அலுப்புக்கானது. நோயாளியைப் பரிசோதிப்பது அங்கே வேலையில்லை. சீனிக் குளிசையை நிறுத்தச் சொல்பவரிடமும், பெயர் எழுதாத தூளையோ குளிகையையோ பொட்டலம் கட்டிக் கொடுப்பவரிடமும் மறுபடி போகாதீர்கள். வலிக்கென்று கொடுக்கும் இப்படிப்பட்ட தூள்களில் ஸ்டீரொய்ட் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி மாயமாக மறையும், சீனி எகிறும்.

கடைசியாக, சிகிச்சை எடுக்கும் வாரங்களில் மலையில் ஒன்றை மாற்ற முடியுமா பாருங்கள். கூடையின் பாரம் தலைக் கயிற்றில் தொங்கும்போது கழுத்தெலும்பே அதைச் சுமக்கிறது. மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனம். நிறுவைவரை நிரப்பிச் சுமக்காமல், பாதியிலேயே சாக்கில் கொட்டிவிட்டு எடுக்கலாம். மேட்டுப் பக்கம் ஒரு காலை வைத்து, இடுப்பை வளைக்காமல் நிரையில் நெருங்கி நின்று எடுப்பதும் உதவும். ஒவ்வொரு முறை கொட்டும்போதும் தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணும்வரை பிடித்து விடவேண்டும், பத்துத் தடவை. கங்காணியிடம் ஒரு மாதத்துக்கு ஏற்றம் குறைந்த மலையாகக் கேட்க முடிந்தால், அந்த மாதத்தில் ஊசிக்குக் கிடைக்கும் பலன் நின்று பிடிக்கும்.